சுன் சூவும் சந்தைப் போட்டியும்: ஒரு படைநூலின் வணிக வாசிப்புப் பற்றிய சில குறிப்புகள்

1

நூலொன்று தான் தோன்றிய சமுதாயத்தை விட்டு நீங்கி, வேறொரு காலத்தில் வேறொரு வர்க்கத்தின் கைநூலாக மாறுவது இலக்கிய வரலாற்றில் அரிதான நிகழ்ச்சியன்று. எனினும், பண்டைச் சீனத்துப் படைநூலாகிய சுன் சூவின் ‘போர்க்கலை’ கடந்த அரை நூற்றாண்டுக் காலத்திற் பெற்றுள்ள மறுவாழ்வு தனித்து ஆராயத்தக்கது. சீன எழுத்தில் ஏறத்தாழ 6,000 எழுத்துக்களே கொண்ட, 13 அத்தியாயங்களாலான இச்சிறு நூல், இன்று படைக்கல்லூரிகளைவிட வணிக முகாமைத்துவ வகுப்புக்களிலேயே மிகுதியாகப் பயிலப்படுகின்றது எனலாம். அரசனுக்குப் பதிலாகப் பங்குதாரர், தளபதிக்குப் பதிலாக முகாமையாளர், பகை நாட்டுக்குப் பதிலாகப் போட்டிக் கம்பனி, நிலப்பரப்புக்குப் பதிலாகச் சந்தை என்று சொற்களை மாற்றிவிட்டால் நூல் முழுவதும் வணிகப் போட்டிக்குப் பொருந்திவிடும் என்பது இவ்வாசிப்பின் அடிப்படை எடுகோளாகும்.

இவ்வெடுகோளை இரண்டு வகையில் எதிர்கொள்வது எளிது. ஒன்று, இது மூலநூலைத் திரிக்கும் மலினமான முயற்சி என்று ஒதுக்கிவிடுவது. மற்றது, மாஓ சேதுங் போற்றிய நூலை முதலாளிகள் களவாடிவிட்டனர் என்று வருந்துவது. இவையிரண்டும் போதாதவை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. சுன் சூவின் நூலுக்கும் வணிகத்துக்கும் உள்ள உறவு 20ஆம் நூற்றாண்டிற் கற்பிக்கப்பட்டதன்று. அது நூலின் பிறப்போடு தொடர்புடையது. அவ்வாறாயின் வினா வேறாகின்றது. இப்பெயர்ப்பில் எவை எடுத்துச் செல்லப்படுகின்றன, எவை விடப்படுகின்றன, அவ்வாறு விடுவதால் நன்மை பெறுபவர் யாவர் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

2

மரபின்படி சுன் சூ என்பார், கி.மு. 514 முதல் 496 வரை வூ நாட்டை ஆண்ட ஹோலூ மன்னனிடம் தளபதியாயிருந்த சுன் வூ ஆவர். அவருடைய வாழ்க்கை பற்றிய செய்திகள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவரான சுமா சியெனின் வரலாற்று நூலிலிருந்தே பெறப்படுகின்றன. 1972 இல் சாந்துங் மாகாணத்து யின்சுவேசான் என்னுமிடத்தில் ஹான் காலக் கல்லறைகள் அகழப்பட்டபோது மூங்கிற் கீற்றுக்களில் எழுதப்பட்ட படிகள் கிடைத்தன. சுன் வூவின் பெயரிலான நூலும், அவர் வழிவந்தவராகக் கூறப்படும் சுன் பின்னின் நூலும் தனித்தனி நூல்களே என்பது அவற்றால் உறுதியாயிற்று. ஆயினும், நாம் இன்று காணும் நூலின் பெரும்பகுதி ‘போரிடும் அரசுகள்’ காலத்தில், அதாவது கி.மு. 5ஆம் நூற்றாண்டிலிருந்து கி.மு. 221 வரையுள்ள காலப்பகுதியில், உருப்பெற்றது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்தாகும்.

இக்காலத்தின் சமுதாய உள்ளடக்கத்தை மனங்கொள்ளாது நூலை விளங்கிக்கொள்ள முடியாது. முந்திய காலத்துப் போர், தேரேறிய குலமக்களின் போராக இருந்தது. அதில் ஆசாரமும் மானமும் முதன்மை பெற்றன. இரும்புக் கருவிகளின் பரவல், நீர்ப்பாசன விரிவு, நிலம் தனியுடைமையாதல், நாணயப் புழக்கம் என்பன அவ்வமைப்பைத் தகர்த்தன. குடியானவரைத் திரட்டி அமைத்த பெருங் காலாட்படைகள் தோன்றின. விற்பொறி பரவலான போர்க்கருவியாயிற்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சின் நாட்டிலே சாங் யாங் மேற்கொண்ட சீர்திருத்தங்கள் குலப்பெருமையை ஒதுக்கி, போரிற் கொய்த தலைகளின் எண்ணிக்கைக்கேற்பப் பதவி வழங்கின. கி.மு. 260 இல் நடந்த சாங்பிங் போரிற் சரணடைந்த வீரர் 4 இலட்சம் பேர் கொல்லப்பட்டதாகச் சுமா சியென் கூறுவார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால், அத்தகைய எண்ணிக்கையிற் சிந்திக்கும் மனப்பாங்கு தோன்றிவிட்டது என்பதே முக்கியமானது.

இச்சூழலிலே போரை மானத்தின் அரங்காக அன்றி, செலவும் வரவும் கணிக்கப்படவேண்டிய அரசத் தொழிலாக நோக்கிய முதல் நூல்களுள் ஒன்று ‘போர்க்கலை’. தெய்வக் குறிகளையும் சகுனங்களையும் அது ஒதுக்குகின்றது. பகைவனைப் பற்றிய அறிவு ஆவிகளிடமிருந்தோ முன்னுவமைகளிலிருந்தோ கிடைப்பதன்று, நிலைமையை அறிந்த மனிதரிடமிருந்தே பெறப்படவேண்டும் என்பது ஒற்றர் பற்றிய இறுதி அத்தியாயத்தின் அடிநாதம். இவ்வகையில் நூலின் நோக்கு அக்காலத்திற்கு முற்போக்கானது. அதனை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

3

கணிப்பே இந்நூலின் மையம். போருக்கு முன் மூதாதையர் கோயிலில் நிகழும் கணக்கீட்டிற் கூடிய எண்ணைப் பெறுபவன் வெல்வான் என்ற கருத்துடன் முதல் அத்தியாயம் முடிகின்றது. நான்காம் அத்தியாயம் நிலத்தின் அளவையிலிருந்து தொகைக்கும், தொகையிலிருந்து எண்ணுக்கும், எண்ணிலிருந்து நிறுத்தலுக்கும், நிறுத்தலிலிருந்து வெற்றிக்கும் செல்லும் ஒரு சங்கிலியை அமைக்கின்றது. வெல்லும் படைக்கும் தோற்கும் படைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அங்கே எடுத்தாளப்படும் உவமை, பெரிய எடைக்கல்லும் சிறிய எடைக்கல்லும் தராசில் எதிரெதிரே நிற்பதாகும். பொன்னையும் பிற பொருள்களையும் நிறுக்கப் பயன்பட்ட அளவைகள் இவை. வணிகனின் தராசு படைநூலுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது.

மறுதலையாக, படைநூல் வணிகனிடம் சென்றதற்கும் சான்றுண்டு. சுமா சியென் தமது வரலாற்று நூலிற் செல்வம் ஈட்டியோருக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியுள்ளார். அங்கே கூறப்படும் பாய் குய் என்னும் வணிகன், சுன் வூவும் வூ சியும் படை நடத்தியது போலவும் சாங் யாங் சட்டம் நடத்தியது போலவும் தான் வாணிகம் நடத்துவதாகச் சொல்லிக்கொள்கின்றான். அவனுடைய முறை எளிமையானது. பிறர் கைவிடும் பொருளை வாங்குவது, பிறர் வேண்டும் பொருளை விற்பது. விளைச்சற் காலத்தில் தானியத்தை வாங்கிப் பட்டை விற்பான். பட்டுக்கூடுகள் வரும்போது பட்டை வாங்கித் தானியத்தை விற்பான். எளிய உணவு உண்டு, இன்ப துன்பங்களைத் தன் ஏவலருடன் பகிர்ந்து வாழ்ந்தான் என்றும் சுமா சியென் குறிப்பிடுவார். தளபதி வீரருடன் ஒன்றாக உண்டு துயில வேண்டும் என்ற படைமரபின் அறிவுரை இங்கே வணிகனின் நடைமுறையாகிவிட்டது.

அதே அத்தியாயத்தில் இன்னொரு பாத்திரமும் வருகின்றது. சுன் வூ தொண்டாற்றிய வூ நாடு கி.மு. 473 இல் யுவே நாட்டினால் அழிக்கப்பட்டது. அவ்வெற்றியைத் திட்டமிட்ட அமைச்சர்களுள் ஒருவனான பான் லி, அரசுக்குப் பயன்பட்ட திட்டங்களை இனித் தன் வீட்டுக்குப் பயன்படுத்தப் போவதாகக் கூறி, பதவியைத் துறந்து, பெயரை மாற்றி வணிகனானான். 19 ஆண்டுகளில் மும்முறை ஆயிரம் பொன் ஈட்டினான் என்பது கதை. கி.மு. 249 இல் சின் நாட்டின் தலைமை அமைச்சனான லூ பூவெய் முன்னர் பெருவணிகனாயிருந்தவன். அமைச்சன் வணிகனாவதும் வணிகன் அமைச்சனாவதும் ஒரே காலத்தின் இரு முகங்கள். குலவழி உரிமையைக் கணிப்பு வென்ற காலம் அது.

எனவே, வணிகத்துக்குச் சுன் சூவைப் பொருத்துவது நூலுக்கு அந்நியமானது என்று வாதிடுவது வரலாற்றுக்குப் புறம்பாகும். ஆனால், பாய் குய்யின் வணிகம் எத்தகையது? அது உற்பத்தியைத் தொடாத வணிக மூலதனம்; விளைச்சற் காலத்துக்கும் பஞ்ச காலத்துக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டில் வாழ்வது. அவனுடைய ‘பகைவன்’ யார்? வேறொரு வணிகன் மட்டுமா? விளைச்சற் காலத்திற் கடனுக்கும் வரிக்கும் அஞ்சித் தானியத்தை மலிவாக விற்றுவிட்டு, பின் அதையே கூடிய விலைக்கு வாங்கும் குடியானவனின் இழப்பே அவனுடைய இலாபத்தின் ஊற்று. போட்டி என்பது வணிகருக்கிடையே கிடைமட்டமாக நிகழ்வதாகத் தோன்றினும், வெற்றிப் பொருள் கீழிருந்தே மேலே செல்கின்றது. அன்று தெளிவற்றிருந்த இவ்வுறவு இன்று முதலாளித்துவத்தின் கீழ் முழுமை பெற்றுள்ளது.

4

நூலின் நவீனப் பரவல் ஏகாதிபத்தியத்தின் பரவலோடு இணைந்தது. 1772 இல் யேசு சபைத் துறவி அமியோவின் பிரெஞ்சு மொழியாக்கம் பாரிசில் வெளியாயிற்று. 1905 இற் பிரித்தானியப் படை அலுவலர் கல்த்ரொப்பின் ஆங்கில மொழியாக்கம் தோக்கியோவிலும், 1910 இல் லயனல் ஜைல்சின் மொழியாக்கம் இலண்டனிலும் வெளிவந்தன. 1963 இல் வெளிவந்த மொழியாக்கத்தின் ஆசிரியர் சாமுவேல் கிரிபித் அமெரிக்கக் கடற்காலாட்படையின் பிரிகேடியர் ஜெனரலாயிருந்தவர். கெரில்லாப் போர் பற்றிய மாஓவின் நூலை அதற்கு முன்னரே ஆங்கிலத்தில் ஆக்கியவர். சீனப் புரட்சியையும் வியற்நாம் போரையும் விளங்கிக்கொள்ளும் தேவையே அப்போது அமெரிக்க வாசகரை இந்நூலுக்கு இட்டுச் சென்றது.

வணிக வாசிப்பு முதலிலே வேர்கொண்ட நாடு யப்பான். தோல்வியுற்ற படையின் அலுவலர் பலர் போருக்குப் பின் கம்பனிகளில் இடம்பெற்றனர். அவர்களுள் ஒருவரான ஓஹாஷி டக்கியோ, 1960களிற் படைநெறியால் தொழில் நடத்துவது பற்றி எழுதிப் புகழ்பெற்றார். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் யப்பானியக் கம்பனிகள் அமெரிக்கச் சந்தையிற் பெற்ற வெற்றி, அவ்வெற்றியின் ‘இரகசியத்தை’ கீழைத் தேய நூல்களில் தேடும் போக்கை அமெரிக்காவிலே தோற்றுவித்தது. யப்பானிய ஊதிய அமைப்பு, தொழிற்சங்க வரலாறு, அரசின் கடன் கொள்கை என்பனவற்றை ஆராய்வதைவிட ஒரு பழைய நூலை ஆராய்வது இலகுவானது. அது முதலாளித்துவத்தைப் பற்றி எவ்வித சங்கடமான வினாவையும் எழுப்பாது. 1983 இல் நாவலாசிரியர் ஜேம்ஸ் கிளாவெல் தமது முன்னுரையுடன் ஜைல்சின் மொழியாக்கத்தை மீள்பதிப்பித்தார். 1991 இற் சிங்கப்பூர்ப் பேராசிரியர் வீ சௌ ஹௌவும் உடனாசிரியரும் எழுதிய ‘சுன் சூ: போரும் முகாமைத்துவமும்’, 1996 இல் மார்க் மக்நீலியின் ‘சுன் சூவும் வணிகக் கலையும்’ எனத் தொடர்ந்து பல நூல்கள் வந்தன.

இவற்றுள் ஆழ்ந்து நோக்கத்தக்க நிகழ்ச்சி சீனத்திலேயே நடந்தது. 1984 இற் சுன் சூவின் நூலையும் தொழில்நிறுவன முகாமைத்துவத்தையும் இணைக்கும் நூலொன்றை லி சிசுன்னும் உடனாசிரியரும் வெளியிட்டனர். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு, நகர்ப்புறப் பொருளாதாரத்தில் திட்டமிட்ட பண்டப் பொருளாதாரத்தை ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றியதும் அதே ஆண்டு ஒக்தோபரிலேயே. நூலொன்றின் வாசிப்பு மாறுவதற்கு அறிஞரின் விருப்பு மட்டும் காரணமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5

வணிக வாசிப்பின் முறையை இனி நோக்குவோம். அது அடிப்படையில் முதுமொழி திரட்டும் முறையாகும். நூலின் வாதத் தொடர்பிலிருந்து வாக்கியங்கள் பிரித்தெடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கம்பனியின் வெற்றிக் கதை வைக்கப்படுகின்றது. வாக்கியம் கதைக்குப் பழைமையின் மதிப்பைக் கொடுக்கின்றது. கதை வாக்கியத்துக்கு நடைமுறையின் சான்றைக் கொடுக்கின்றது. தோற்ற கம்பனியும் அதே வாக்கியத்தைப் பின்பற்றியிருக்கக்கூடும் என்ற வினா எழுவதில்லை. எந்நிகழ்ச்சியாலும் பொய்ப்பிக்க முடியாத இவ்வாக்கியங்கள் அறிவின் வடிவிலன்றி நம்பிக்கையின் வடிவிலேயே இயங்குகின்றன.

இம்முறையில் முதலில் மறைவது செலவு பற்றிய அத்தியாயம். இரண்டாம் அத்தியாயம் 1 இலட்சம் பேர் கொண்ட படையைப் புறப்படச் செய்தால் நாளொன்றுக்கு ஆயிரம் பொன் செலவாகும் என்று கணக்கிடுகின்றது. தொலைவுக்கு உணவு கொண்டு செல்வதால் குடிகள் வறியராவதையும், படை தங்குமிடத்தில் விலை ஏறுவதையும், வீடுகள் வெறுமையாவதையும் கூறுகின்றது. இறுதி அத்தியாயமோ இத்தகைய படையெடுப்பால் 7 இலட்சம் குடும்பங்கள் தம் பயிர்த்தொழிலைச் செய்ய முடியாது போகும் என்கின்றது. நூலாசிரியர் குடியானவர் மீது இரக்கம் கொண்டு இதனை எழுதவில்லை. அரசின் வரிப்பொருள் அழிவது பற்றியே அவர் கவலை கொள்கின்றார். பகைவர் நாட்டின் தானியத்தைக் கவர்ந்து உண்பதே சிக்கனம் என்று அதே அத்தியாயம் அறிவுரை கூறுவதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், போரின் விலையை இறுதியிற் செலுத்துபவர் யார் என்பதை இந்நூல் அறியும். அதை எண்ணிலும் எழுதிவைத்துள்ளது. முகாமைத்துவ நூல்களில் இவ்வத்தியாயம் ‘வளங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துக’ என்ற அறிவுரையாகச் சுருங்கிவிடுகின்றது. 7 இலட்சம் குடும்பங்கள் மறைந்துவிடுகின்றன.

இரண்டாவதாக, பகைவரின் நாட்டைச் சிதைக்காது முழுமையாகக் கைக்கொள்வதே சிறந்தது, போரிடாமற் பணியவைப்பதே உயர்ந்த திறன் என்னும் மூன்றாம் அத்தியாயத்தின் கருத்து. வணிக வாசிப்பினர் மிகவும் விரும்பும் பகுதி இதுவே. 1980களின் அமெரிக்காவிற் கடன் பணத்தாற் கம்பனிகளைக் கைப்பற்றும் அலை எழுந்தது. 1988 இல் ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ கம்பனி ஏறத்தாழ 2,500 கோடி டொலருக்குக் கைப்பற்றப்பட்டமை அதன் உச்சம். இவ்வலையின் கருத்துநிலையை ஒலிவர் ஸ்டோனின் ‘வோல் ஸ்ரீற்’ (1987) திரைப்படம் நன்கு பதிவுசெய்துள்ளது. அதன் பாத்திரமான கோர்டன் கெக்கோ என்னும் நிதி முதலாளி, தன்னை நாடிவந்த இளைஞனுக்குச் சுன் சூவைப் படிக்குமாறு கூறுகின்றான். பின் அவன் ஒரு விமானக் கம்பனியைக் கைப்பற்ற முனைகின்றான். அதை நடத்துவது அவன் நோக்கமன்று. துண்டு துண்டாக விற்று, தொழிலாளரின் ஓய்வூதிய நிதியில் மிகுந்துள்ள பணத்தையும் எடுத்துக்கொள்வதே நோக்கம். அக்கம்பனியின் தொழிற்சங்கத் தலைவன் அவ்விளைஞனின் தந்தை. ‘முழுமையாகக் கைக்கொள்ளல்’ என்ற கருத்து இங்கே தலைகீழாகிவிடுகின்றது. முழுமையாகக் காக்கப்படுவது பங்குப் பணம். சிதைக்கப்படுவது மனிதர் கூடி உழைக்கும் அமைப்பு. ஸ்டோன் தந்தையின் ஒழுக்கத்தையும் நேர்மையான முதலாளியையும் தீர்வாக முன்வைப்பது அவருடைய எல்லையைக் காட்டுகின்றது. ஆனால், சுன் சூ யார் கையில் எதற்குப் பயன்படுகின்றார் என்பதைக் காட்டிய வகையில் அப்படம் பல முகாமைத்துவ நூல்களைவிட நேர்மையானது.

போரிடாது வெல்லல் என்பதன் அண்மைக்கால வடிவத்தைச் சீனத்திலேயே காணலாம். வாடகைக் கார்ச் செயலிகளான டிடியும் குவாய்டியும், முறையே டென்சென்ற், அலிபாபா ஆகிய பெருங் கம்பனிகளின் ஆதரவுடன், 2014 இற் சாரதிகளுக்கும் பயணிகளுக்கும் மானியத்தை வாரி வழங்கிப் பெரும் போட்டியில் ஈடுபட்டன. 2015 பெப்ரவரியில் இரண்டும் இணைந்துவிட்டன. அடுத்து வந்த அமெரிக்கக் கம்பனியான ஊபர், சீனத்தில் ஆண்டுக்கு 100 கோடி டொலர் இழப்பதாக அதன் தலைவரே கூறினார். 2016 ஓகஸ்டில் ஊபர் தன் சீன வணிகத்தை டிடிக்குக் கொடுத்து, பதிலாகப் பங்குரிமை பெற்றுக்கொண்டது. தளபதிகள் சமாதானமாயினர்; பகைவன் பங்காளியானான். ஆனால், மானியத்தை நம்பிக் கடனுக்குக் கார் வாங்கிய சாரதிக்கு அச்சமாதானத்தின் பொருள் என்ன? போட்டி நீடித்த காலத்தில் அவனுக்குக் கிடைத்த மேலதிகப் பணம் குறைந்தது. வேறு கம்பனிக்குச் செல்வேன் என்று சொல்லும் வலிமையும் குறைந்தது. ஒரு முதலாளி பல முதலாளிகளை வீழ்த்துவதே மூலதனத் திரட்சியின் நியதி என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில் (1867) விளக்கிய இயக்கத்துக்கே இங்கு ‘மூலோபாயம்’ என்று பெயரிடப்பட்டுள்ளது. முதலாளிகளுக்கிடையே பகையுண்டு, அதனினும் ஆழமான உடன்பாடும் உண்டு.

6

இனி, நூலின் பதினோராம் அத்தியாயத்துக்கு வருவோம். ‘ஒன்பது நிலங்கள்’ பற்றிய இவ்வத்தியாயமே வணிக வாசிப்பினர் மேலோட்டமாகக் கடந்து செல்வது. ஆனால், முதலாளித்துவ உற்பத்திக்கு உண்மையில் மிக அண்மையில் நிற்பதும் இதுவே. தளபதி தன் திட்டத்தை வீரரின் கண்ணுக்கும் செவிக்கும் மறைக்கவேண்டும் என்று அது கூறுகின்றது. அவர்களை உயரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை அகற்றவேண்டும். செல்லுமிடம் தெரியாத மந்தைபோல் நடத்தவேண்டும். தப்ப வழியற்ற சாவுநிலத்தில் நிறுத்தினால் அவர்கள் தாமாகவே உயிரைக் கொடுத்துப் போரிடுவர். பத்தாம் அத்தியாயம் வீரரைக் குழந்தைகள்போற் பேணுமாறு கூறுவதையும் இதனோடு சேர்த்தே படிக்கவேண்டும். அன்பும் அறியாமையும் ஒரே ஒழுங்கின் இரு கருவிகள்.

தொழிற்சாலையும் படையும் ஒத்த அமைப்பின என்பதை மார்க்சும் எங்கெல்சும் 1848ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையிலேயே சுட்டியுள்ளனர். ‘மூலதனம்’ நூலின் கூட்டுழைப்புப் பற்றிய அத்தியாயத்தில், முகாமையாளர் படை அலுவலருக்கும் மேற்பார்வையாளர் கீழ்நிலை அலுவலருக்கும் ஒப்பிடப்படுகின்றனர். வேலையற்றோரின் திரளுக்கு மார்க்ஸ் சேமப்படை என்ற படைச்சொல்லையே வழங்கினார். வேறு வாழ்வழியற்றுத் தன் உழைப்புச் சக்தியை விற்கவேண்டிய நிலையே நவீன தொழிலாளி நிற்கும் ‘சாவுநிலம்’. ஏணி ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டது. தளபதி செய்யவேண்டியதை இங்கே சொத்துடைமையே செய்துவிடுகின்றது.

போரை வணிகத்துடன் ஒப்பிடலாம், அதுவும் மனித நலன்களின் மோதலே என்று ஜேர்மானியப் படைச் சிந்தனையாளர் கிளாஸ்விற்ஸ் தமது நூலில் (1832) கூறினார். ஒப்புமை அவ்வளவிற் பிழையன்று. ஆனால், எந்த நலன்கள் மோதுகின்றன என்பதே வினா. வணிக வாசிப்பில் மோதல் எப்போதும் கம்பனிக்கும் கம்பனிக்கும் இடையிலேயே நிகழ்கின்றது. முதல் அத்தியாயம் கூறும் ஐந்து காரணிகளுள் முதலாவது, குடிகள் அரசனோடு ஒருமனப்பட்டு அவனுக்காகச் சாகவும் அஞ்சாத நிலை. இதனைக் ‘கம்பனியின் பொது இலட்சியம்’ என்று பெயர்க்கின்றனர். இப்பெயர்ப்பின் விளைவு வெறும் சொல்லளவிலானதன்று. ஒரு கம்பனியின் தொழிலாளி, போட்டிக் கம்பனியின் தொழிலாளியைப் பகைவனாகக் காணப் பழகுகின்றான். ‘அவர்கள்’ மலிவாக உற்பத்தி செய்வதால் ‘நாம்’ ஊதிய உயர்வு கேட்கலாகாது என்ற வாதம் நியாயமாகத் தோன்றுகின்றது. 1914 ஓகஸ்டில் ஐரோப்பியத் தொழிலாளர் கட்சிகள் பல தத்தம் அரசுகளின் போர்ச் செலவுக்கு வாக்களித்தபோது நிகழ்ந்த துயரம், சிறிய அளவில் ஒவ்வொரு தொழிலகத்திலும் நாள்தோறும் நிகழ்கின்றது.

இவ்வொருமனப்பாடு எல்லையற்றதன்று. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரத்தில் 6 நாள் என்னும் வேலைமுறை சீன இணையக் கம்பனிகளிற் பரவியபோது, 2019 இல் மென்பொருள் தொழிலாளர் அதற்கெதிராக இணையவழியில் ஓர் எதிர்ப்பியக்கத்தைத் தொடக்கினர். வெவ்வேறு கம்பனிகளைச் சேர்ந்தவர்கள் தம் கம்பனியின் பெயரைத் தாமே ஒரே பட்டியலிற் சேர்த்தனர். 2021 ஓகஸ்டிற் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் அவ்வேலைமுறை சட்டத்துக்கு மாறானது என்று அறிவித்தது. சட்டத்தின் அறிவிப்பு வேறு, நடைமுறை வேறு. ஆயினும், பகைவராகச் சித்திரிக்கப்பட்ட கம்பனிகளின் ‘வீரர்’ தம்மிடையே பகையில்லை என்பதைக் கண்டுகொண்டமை சிறிய நிகழ்ச்சியன்று.

7

இவ்விடத்தில் முற்போக்கு வாசகர் எழுப்பக்கூடிய ஒரு வினாவை எதிர்கொள்ள வேண்டும். மாஓ சேதுங் 1936இலும் 1938இலும் எழுதிய போர்பற்றிய கட்டுரைகளில், பகைவனையும் தன்னையும் அறிதல் பற்றிய சுன் சூவின் கருத்தை அறிவியல் உண்மையாக எடுத்தாண்டார். அவர் ஒரு பழைய நூலைத் தன் தேவைக்குப் பயன்படுத்தலாமெனில், முதலாளி ஏன் பயன்படுத்தலாகாது?

விடை பயன்படுத்தியவரின் பெயரில் இல்லை. பயன்படுத்திய முறையில் உள்ளது. நீண்டகாலப் போர் பற்றிய 1938 கட்டுரையில், போரின் அரசியல் நோக்கத்தை ஒவ்வொரு வீரனுக்கும் குடிமகனுக்கும் விளக்கவேண்டும், அதுவின்றி வெற்றி இல்லை என்று மாஓ வற்புறுத்துகின்றார். இது சுன் சூவின் பதினோராம் அத்தியாயத்துக்கு நேரெதிரான நிலை. அதாவது, அவர் நூலின் அறிவு முறையை ஏற்று, அதன் வர்க்க உறவை மறுத்தார். வணிக வாசிப்போ வர்க்க உறவை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதை ஏற்றுக்கொண்டதையும் மறைக்கின்றது. விமரிசன பூர்வமான மரபு ஏற்புக்கும் மேற்கோட் சுரண்டலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆயினும், மக்களுக்கு விளக்கவேண்டும் என்ற கொள்கை பிற்காலத்தில் எவ்வளவு கடைப்பிடிக்கப்பட்டது என்று கேட்பதும் நமது கடமை. 1984இன் வாசிப்பு வானத்திலிருந்து விழுந்ததன்று.

எமது மரபுக்கும் இவ்வினா பொருந்தும். திருக்குறளின் பொருட்பாலிலுள்ள வலியறிதல், காலமறிதல், இடனறிதல், ஒற்றாடல் முதலாய அதிகாரங்கள் முகாமைத்துவ அறிவுரைகளாக எடுத்துரைக்கப்படுவதைத் தமிழ்ச் சூழலிற் காண்கின்றோம். அதே பொருட்பாலிற் கொடுங்கோன்மையும் உண்டு, உழவும் உண்டு, இரவச்சமும் உண்டு. ஆள்பவனுக்கு அறிவுரை கூறும் அதிகாரங்களை எடுத்துக்கொண்டு, ஆளப்படுவோரின் துன்பத்தைப் பேசும் அதிகாரங்களை விட்டுவிடும் தெரிவு சுன் சூவுக்கு நேர்ந்த அதே தெரிவுதான். ஆகவே, பழம்பெருமை பேசி மகிழ்வதற்கு முன் எந்த அதிகாரம் விடப்படுகின்றது என்று நோக்குதல் வேண்டும்.

8

இலக்கிய மாணவர் என்ற முறையில் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. ‘போர்க்கலை’ தளபதியின் குரலில் மட்டுமே பேசுகின்றது. அதே பண்டைச் சீனம் வேறு குரல்களையும் விட்டுச் சென்றுள்ளது. ‘பாடல் நூல்’ என வழங்கும் பழந்தொகையில், வீடு திரும்ப இயலாத காலாள் வீரரின் ஏக்கம் உண்டு. படையெடுப்பைக் கண்டித்த மோ சூவின் எழுத்து உண்டு. 8ஆம் நூற்றாண்டிற் கவிஞர் தூ பூ, கட்டாயமாகப் படைக்கு இழுத்துச் செல்லப்படுவோரையும் அவரது உறவினரின் அழுகையையும் பாடினார். இவற்றை ஒருங்கே வைத்துப் படிக்கும்போதே 7 இலட்சம் குடும்பங்கள் என்ற எண்ணிக்கைக்கு முகம் கிடைக்கின்றது.

இறுதியாக, முகாமைத்துவ எழுத்தாளர் விரும்பிச் சொல்லும் ஒரு கதை. ஹோலூ மன்னன், சுன் வூவின் நூலைப் படித்தபின், பெண்களைக் கொண்டும் படை நடத்திக் காட்ட முடியுமா என்று கேட்டதாகச் சுமா சியென் எழுதுகின்றார். அரண்மனைப் பெண்கள் 180 பேர் இரு பிரிவாக நிறுத்தப்பட்டனர்; மன்னனின் விருப்புக்குரிய இருவர் தலைவியராக்கப்பட்டனர். ஆணை பிறந்தது, பெண்கள் சிரித்தனர். மீண்டும் விளக்கி ஆணை பிறந்தது; மீண்டும் சிரித்தனர். மன்னன் தடுத்தும் கேளாது தலைவியர் இருவரையும் சுன் வூ வெட்டச் செய்தார். அதன் பின் எவரும் சிரிக்கவில்லை, ஆணைப்படி நடந்தனர். ஆணை தெளிவாக இருக்கவேண்டும், ஒழுங்கு கண்டிப்பாக இருக்கவேண்டும் என்பதே இக்கதையிலிருந்து பெறப்படும் முகாமைத்துவப் பாடம்.

அப்பெண்கள் ஏன் சிரித்தனர் என்று எவரும் கேட்பதில்லை. எவருடைய போர், எவருக்காக, ஏன் என்று அறியாமல் ஆயுதம் கையிற் கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள். சுன் வூவைச் சூழ்ந்த கதைகளில் ஆளப்படுவோர் எழுப்பிய ஒரே ஒலி அச்சிரிப்பாகும். அதை அடக்குவதற்கு இரண்டு தலைகள் தேவைப்பட்டன. அச்சிரிப்பின் பொருளை விளங்கிக்கொள்வதே, சுன் சூவை இன்று படிக்க முனையும் முற்போக்கு வாசகரின் முதற்பணி என்று கருதுகின்றோம்.